கடலுக்குள் வந்துபோன கால்

என் நோய் ஓர் அரிப்பில் தொடங்கியது. இராணுவ மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும் இடது கால் சுண்டுவிரல் அரித்தது. சொறிவதற்காகக் கையை நீட்டினேன். போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. எல்லையில் கண்ணிவெடியை மிதித்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அரிப்பு போகப்போக வலியானது. இல்லாத ஐந்து விரல்களையும் யாரோ பூட்ஸுக்குள் மடக்கி முறுக்குவதுபோல் இருக்கும். ஓய்வு பெற்று ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த பிறகும் அது விடவில்லை. தஞ்சாவூர் மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: மாய உறுப்பு வலி (வெட்டி எடுத்த உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை எண்ணிக்கொள்வதால் வருவது).

"கால்தாங்க இல்லை, வலி நிஜம். யார் என்ன சொன்னாலும் கண்டுக்காதீங்க" என்றார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். நான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்திருந்த காலம் அது.

மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, வலியை எடுக்கவில்லை. கண்ணாடிச் சிகிச்சை (நல்ல காலின் பிம்பத்தைக் காட்டி, மற்ற காலும் அசைவதாக மூளையை நம்பவைப்பது) ஏதோ கொஞ்சம் உதவியது. செயற்கைக் காலோடு ரோட்டில் நடந்துவிடுவேன். வயலில் இறங்கினால் சேறு பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கால் அங்கே, நான் இங்கே. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து வருவோர் போவோர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது என் மனைவி செல்விதான்.

அப்போதுதான் பட்டாளத்து நண்பர் ஒருவர் ராபர்ட்டைப் பற்றிச் சொன்னார். ராபர்ட் கடற்படையில் இருந்தவர். காயம்பட்ட வீரர்களுக்குப் புதுச்சேரியில் ஸ்கூபா (முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் நீந்துவது) சொல்லிக்கொடுக்கிறார். செலவை முகம் தெரியாதவர்கள் ஏற்கிறார்கள். ஒருவர், ஒரு வீரருக்கு ஓர் இடம் என்று தானமாகத் தருவார். எனக்குத் தந்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டாராம். வாங்கிப் பழகாத எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஓசியில குளிச்சிட்டு வரேன்" என்று செல்வியிடம் கிண்டலாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நீச்சல் குளத்தில் பழக்கிவிட்டுக் கடலுக்கு அழைத்துப் போனார்கள். செயற்கைக் காலைப் படகிலேயே கழற்றி வைத்தேன். கீழே போகப் போக என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மணலுக்குச் சற்று மேலே நின்றேன். ஆமாம், நின்றேன், அங்கே நிற்பதற்குக் கால் தேவைப்படவில்லை. அப்போது என் இடது கால் விரல்கள் மெல்ல விரிந்தன, நாள் முழுக்கப் போட்டிருந்த பூட்ஸைக் கழற்றினாற்போல. வலி இல்லை. முகமூடிக்குள் அழுதுவிட்டேன்.

ஊர் திரும்பிப் பல வாரங்கள் வலி அண்டவில்லை. ராபர்ட் போனில் சொன்னார்: "இன்னும் நாலஞ்சு தடவை வாங்கண்ணே. உடம்பு அதைக் கத்துக்கும்." அடுத்த இடமும் கிடைத்தது. அந்த நேரத்தில் செல்வி முழுகாமல் இருந்தாள்.

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கையில் கணவன் கடலில் முழுகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அமாவாசைக்கு வேதாரண்யம் போனாலும் அவன் கரையில்தான் நிற்பான்.

"புள்ள பொறக்கட்டும் மாப்பிள்ளை. கடல் எங்கயும் போயிடாதுங்க" என்றார் மாமியார்.

"நான் முழுகப் போகலை அத்தை, மூச்சு விடத்தான் போறேன்" என்று சிரித்தேன்.

ராபர்ட் இன்னொரு வழி சொன்னார்: "ரப்பர் உடுப்புக்குள்ளதானே இருக்கீங்க, தண்ணி மேல படாதுன்னு சொல்லுங்க." அந்த உடுப்புக்குள் தண்ணீர் புகும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

செல்வி தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லை" என்றாள். சொல்லும்போது அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. நான் எல்லையில் இருந்தபோது ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்திருந்தது. எனக்கும்தான் நம்பிக்கை இல்லை. ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தேன். கட்டி வைத்த பையை அவிழ்த்துவிட்டேன். என் இடம் வேறொரு வீரருக்குப் போனது.

யாழினி நல்லபடியாகப் பிறந்தாள். அவள் தவழத் தொடங்கியதும் மறுபடி கேட்டேன். இடம் தயார் என்றார்கள். நடுவில் நீண்ட நாள் இருமல் இருந்ததால் இம்முறை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நுரையீரல் ஓரத்தில் ஒரு புல்லா (சிறு பலூன்போல் உப்பிய காற்றுப்பை, ஆழத்திலிருந்து மேலேறும்போது வெடிக்கக்கூடும்) இருந்தது.

"நீச்சல் பரவாயில்லைங்க. ஆழம் இனிமே வேண்டாம்" என்றார் தஞ்சாவூர் மருத்துவர்.

"மொதல் தடவை போனப்பவே இருந்திருக்குமா டாக்டர்?"

"இருந்திருக்கலாம். பழைய எக்ஸ்ரேல தெரியலை. உறுதியா சொல்ல முடியாதுங்க."

"பாத்தீங்களா மாப்பிள்ளை, அன்னைக்குத் தடுத்தது அந்த ஆத்தாதான்" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊரே அதைத்தான் சொன்னது. அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உயிர் தப்பினாய் என்று மனசுக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். ஒரே கால் இரண்டாவது முறையும் போய்விட்டது என்றுதான் அது நினைக்கிறது.

என்னைப்போல் இல்லாத விரல் வலிக்கும் ஒருவர் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். இப்படி ஓர் இடம் வந்தால் முதலில் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மருத்துவர் சரி என்றால் உடனே போய்விடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று நானும்தான் நினைத்தேன்.

மகளைப் பார்க்கும்போது எந்த வருத்தமும் இல்லை. வருத்தம் கடலைப் பற்றியது மட்டும்தான், அது அப்படியே இருக்கிறது. அன்றைய முழுக்கு எனக்குள் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. வலி வரும்போதெல்லாம் அந்த மணலுக்கு மேலே போய்த்தான் நிற்கிறேன்.

இப்போது எனக்குப் பம்புசெட் தொட்டிதான் கடல். கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். யாழினி தொட்டிச் சுவரில் உட்கார்ந்து பார்ப்பாள். நேற்றும் கேட்டாள்.

"அப்பா, வெரல் வந்துச்சா?"

"சுண்டுவெரல் மட்டும் வந்துச்சும்மா. அரிக்குது."

அவள் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு, என் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தில் சொறியத் தொடங்கினாள். "இங்கதானே?"

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன்.