ராயல்டி கணக்கில் விட்டுப்போன ஒன்பது பேர்

போன சனிக்கிழமை கம்பத்தில் ஒரு மனக்கணக்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் எதற்கு என்கிறீர்களா? வகுப்பை நடத்தும் ஜெசிந்தா டீச்சருக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். அன்று கோவையிலிருந்து கம்பெனி ஆள் வந்து ரிஜிஸ்டரைப் பார்ப்பதாக இருந்தது. டீச்சர்தான் துணைக்கு வரச் சொல்லியிருந்தார்.

பெயர், பாடப் புத்தகம், சான்றிதழ் எல்லாம் கம்பெனியுடையது. கற்றுக்கொடுப்பது மட்டும் டீச்சர். அதற்கு மாதாமாதம் பிள்ளைக்கு இவ்வளவு என்று கம்பெனிக்கு ராயல்டி கட்ட வேண்டும். ஃபிரான்சைஸ் என்றால் அதுதான். டீச்சரின் வீடு அந்த ஒரு வகுப்பை நம்பித்தான் ஓடுகிறது.

ஆனால் எங்கள் பக்கம் ஃபீஸ் ஒன்றாம் தேதி வராது. திராட்சை வெட்டினால் வரும்... ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கூலி கிடைத்தால் வரும். அதுவரை பிள்ளையை வெளியே நிறுத்துவது டீச்சருக்கு முடியாத காரியம். அப்படிப்பட்டவர்களை ரிஜிஸ்டரில் எப்படி எழுத என்று ஆரம்பத்திலேயே என்னிடம் கேட்டார்.

நானோ இருபது வருடமாக வாழைக்காய் கமிஷன் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பழகியவன். கைக்குக் காசு வந்தால்தான் வரவு. அந்தப் பழக்கத்தில், ஃபீஸ் வந்த பிறகு பெயரை ஏற்றினால் போதும் என்று சொல்லிவிட்டேன். கம்பெனி ஒப்பந்தத்தைப் படித்தேனா? இல்லை!

வந்தவர் மரியாதையான மனிதர். ரிஜிஸ்டரைப் பார்த்தார், பிள்ளைகளை எண்ணினார். ரிஜிஸ்டரில் இருபத்திரண்டு. பெஞ்சில் முப்பத்தொன்று. ஒப்பந்தத்தைப் புரட்டிக் காட்டினார். ஃபீஸ் வந்ததா, பாக்கியா என்பது கம்பெனிக்குத் தேவையில்லை; வகுப்பில் உட்கார்ந்து படித்தாலே ராயல்டி உண்டு. பெயரை மறைத்தால் உரிமம் ரத்து.

பிறகு, பெயர் ஏறாத பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன் என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த சிறுமி நோட்டை மூடிவிட்டு, பாதி எழுந்தேவிட்டாள்.

டீச்சர் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"யாரையும் எந்திரிக்கச் சொல்லாதீக சார். முப்பத்தொண்ணுன்னே போட்டுக்கோங்க. அதுக சேந்த நாள்ல இருந்து எம்புட்டு வருதோ, நான் கட்டிர்றேன்."

தனக்கு இன்னும் வராத ஃபீஸுக்கு, ராயல்டி! அவர் கழுத்தில் கிடந்த மெல்லிய செயினைப் பார்த்தேன். இனி அது அடகுக்கடைக்குத்தான்.

ரிப்போர்ட்டில் காரணம் எழுத வேண்டுமே... இப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டார் கம்பெனிக்காரர். அந்த ஒரு நிமிடம் எனக்கு ஊர்க் கடைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஒப்பந்தம் படிக்காத கணக்கன் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் நோட்டைக் கொடுப்பார்கள்? முன்னால் இருந்த பெஞ்சைப் பார்த்தபடி குனிந்துகொண்டேன்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் எழுதுனேன்" என்றார் டீச்சர். என் பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை, தப்பு என்னுடையது என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினேன். உரிமம் தப்புமா தெரியவில்லை. பதில் வரவில்லை.

அந்த அறையில் எழுந்து நிற்க வேண்டியவன் நான் ஒருவன்தான்... கடைசி வரை உட்கார்ந்தே இருந்தேன்.