சந்தேகப்படத் தெரிந்த பரிமளா மேடம்

பரிமளா மேடம் காலமானார் என்று எங்களோடு வேலை பார்த்த செல்வம் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. மேடத்தின் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது. இந்தக் கெட்ட புத்தி, அவரோடு வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்டது.

போடியில் எங்கள் ஏலக்காய் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவை அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் கணக்குப் பிரிவு. டீயில் சர்க்கரை போட்டாயிற்று என்றால்கூட ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் பூட்டிய அறையை அவர் மறுபடி இழுத்துப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வராதா?

சில வருடங்களுக்கு முன், ஏலத்துக்கு முந்தின நாள், லினக்ஸ் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த அப்டேட் பாதியில் நின்றுபோனது. அதன்பின் எந்த மென்பொருளைக் கேட்டாலும், அப்படி எதுவும் இங்கே இல்லை என்றது கம்ப்யூட்டர். குமுளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த பிஜு மீது எல்லோருக்கும் சந்தேகம். போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆள் என்றே முடிவு கட்டிவிட்டோம்.

"அந்தப் பயதான் அம்புட்டையும் அழிச்சுப்புட்டான். இன்னைக்கே வேலைய விட்டு அனுப்புங்க. போலீசுலயும் சொல்லிருவோம்" என்றார் முதலாளி. பிஜு வெளிறிப்போய் நின்றார்.

"முதலாளி சொல்றாக, நீங்களும் சொல்றீக. நான் இன்னும் பாக்கலையே" என்று சர்வர் முன் உட்கார்ந்தார் மேடம்.

இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்ன மென்பொருள் ஒன்றைத் திறந்தார். திறந்தது!

"எதுவும் அழியல. என்னென்ன இருக்குன்னு இது குறிச்சு வச்சிருக்க பேக்கேஜ் டேட்டாபேஸ்தான் கெட்டுப்போச்சு."

முதலில் அந்த டேட்டாபேஸை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்தார். பாதியில் செத்த அப்டேட், வேறெதுவும் குறுக்கே வராதபடி போட்டுவிட்டுப்போன பூட்டுக் கோப்புகளை மட்டும் நீக்கினார். பிறகு, டேட்டாபேஸை மறுபடி கட்டும்படி கட்டளை கொடுத்தார். மென்பொருள்களின் பெயர்கள் மளமளவென்று திரையில் வந்து விழுந்தன. நாங்கள் கை தட்டினோம். அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, அப்டேட் ஓடியபோது கீபோர்டில் இருந்த செல்வத்தைக் கூப்பிட்டார்.

"ஓடுனத யாருப்பா நிறுத்துனது?"

"நான்தான் மேடம். பக்கத்துல நின்ன பிஜு 'கொல்லலாம்'னான். ஓடுறத பாதியில நிறுத்துற கில் கமாண்ட் குடுத்துட்டேன்."

"பிஜு, நீ என்ன சொன்ன?"

"கொள்ளாம்னு சொன்னேன் மேடம். மலையாளத்துல நல்லாருக்குன்னு அர்த்தம். நல்லா ஓடுதேன்னு சொன்னேன்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். முதலாளி தன் அறைக்குப் போய்விட்டார். பிஜுவின் வேலை தப்பியது.

"பிஜுவ நம்புனீகளா மேடம்?" என்று பிறகு கேட்டேன்.

"இல்லையே. அவன் மேலயும் சந்தேகந்தான். சந்தேகம்னா எல்லார் மேலயும் ஒரே அளவுல படணும்ல?"

நேற்று மேடத்தின் வீட்டுக்கு பிஜு குமுளியிலிருந்து வந்திருந்தார். யாரோ வெளியாள் என்று மேடத்தின் சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி யாரு? இவளுக்கு நீ என்ன வேணும்?"

"நான்தான் குத்தவாளின்னு எல்லாரும் நம்பிட்டாக ஐயா. இவுக ஒருத்தங்கதான் அத சந்தேகப்பட்டாக."

சித்தப்பா பிஜுவின் கையைப் பிடித்து அழைத்துப்போய், உறவுக்காரர்களோடு சேர்த்து வாய்க்கரிசி போட வைத்தார்.

நிம்மதியாக உறங்குங்கள், மேடம்.