புளியங்கொட்டைப் பசையில் வரைந்த முகம்

அந்த முகத்தை ஒரு மாதம் முழுவதும் நாங்கள் துண்டுகளாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். தருமபுரியில் பூட்டிக் கிடந்த புளி மண்டி ஒன்றின் சிமெண்டுத் தரையில் பதினெட்டு பலகைகளைப் பரப்பியிருந்தோம். ஒன்றில் இடது கண் இருக்கும். சுவரோரத்துப் பலகையில் மீசையின் ஒரு பாதி. காதுக்கும் கன்னத்துக்கும் நடுவே நடந்துதான் தண்ணீர்ப் பானைக்குப் போக வேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எங்கள் அபிமான நடிகருக்கு ஊரில் ரசிகர் மன்றம் வைத்திருந்தோம்; அவருடைய புதுப் படம் வெளியாகும் நாளில் தியேட்டர் முன்னால் நிறுத்தத்தான் அந்த முகம். பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நான் அதன் செயலாளர். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, ரசிகர் கூட்டத்தை ஏதாவது நல்ல காரியத்துக்குத் திருப்பிவிட முடியும் என்ற நம்பிக்கை பலமாக இருந்தது.

படம் வரைந்தவன் என் பள்ளித் தோழன். அவன் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குத் தகரப் பெட்டி செய்யும் கடை இருந்தது. கல்யாணப் பெண்களுக்கு வாங்கும் பெட்டிகளின் மூடியில் ரோஜாப் பூவும் பெயரும் எழுதித்தான் அவன் கை பழகியது. ஆனால் அவன் விரும்பியது சேலத்தில் சினிமா பேனர் வரையும் ஒரு கம்பெனியின் சாரத்தில் ஏறி நிற்பதை. அங்கிருந்த மாஸ்டர், "ஒரு முகம் முழுசா போட்டுக் காட்டு. படம் ரிலீசாகற அன்னிக்கு நானே வந்து பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அத்தா விதித்த கெடுவும் அதே நாள்தான்.

"அந்த ஆளு கூட்டிட்டுப் போனா போ. இல்லாட்டி சுத்தியலப் பிடி. ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நிக்காத."

வேலை செய்யும் முறையை அவன் தானாகவே கண்டுபிடித்திருந்தான். பத்திரிகையில் வந்த உள்ளங்கை அளவு படத்தின் மேல் பென்சிலால் சிறு சிறு கட்டங்கள் போட்டான். செங்காவியில் தோய்த்த நூலை இழுத்துத் தெறிக்கவிட்டு, பலகைகளிலும் அத்தனை கட்டங்களைப் பெரிதாகப் போட்டான். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினான். எந்தக் கட்டத்தை வரையும்போதும் அது மூக்கு என்றோ உதடு என்றோ நினைக்கக் கூடாது என்பான். நினைத்தால் கை தனக்குத் தெரிந்த மூக்கைப் போட்டுவிடுமாம். மாலையில் புளி மூட்டை அடுக்கின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து குனிந்து பார்ப்பான். கீழே நான் பலகையை நகர்த்துவேன்.

"கொஞ்சம் உள்ள தள்ளுடா. தலைவருக்கு மாறுகண்ணு வந்துருச்சு பாரு."

மன்றத்தில் அதற்கு முன்பே நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தேன். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதில்லை. அந்தப் பால் அரசு மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் போக வேண்டும். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வெற்றி எனக்குத் தந்த ஊக்கத்தில்தான் அடுத்த யோசனையும் வந்தது. வண்ணப் பொடியை எண்ணெயில் குழைப்பதற்குப் பதிலாக, மண்டியில் குவிந்து கிடந்த புளியங்கொட்டையைப் பசையாகக் காய்ச்சிக் குழைத்தால் என்ன? எண்ணெய்ச் செலவில் மிச்சமாகும் பணமும் குழந்தைகளுக்கே போகும்.

"பசையில கொழைச்சா தண்ணி பட்டதும் போச்சுடா" என்றான்.

"இது மழைக் காலமா? பால் ஊத்தறதத்தான் நிறுத்தியாச்சே."

"நிறுத்தியாச்சுன்னு யாரு சொன்னது?"

"தீர்மான நோட்டுல கையெழுத்து இருக்குது."

"கையெழுத்துப் போட்ட கை சொம்பத் தூக்காதாக்கும்?"

"தூக்காது. நான் பொறுப்பு."

அவன் சிரித்தான். "சரிங்க பி.ஏ. ஐயா. படிச்சவன் சொன்னா தப்பா இருக்குமா?"

கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சினோம். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்த்தோம். பசையில் குழைத்த வண்ணம் பளபளக்கவில்லை. அடங்கிய, மென்மையான நிறமாக நின்றது. கன்னத்துக் கட்டத்தை முடித்த அன்று அவன் புறங்கையால் அதை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தோலு மாதிரியே இருக்குதுடா" என்றான். அவன் அவ்வளவு மகிழ்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னரும் பார்க்கவில்லை.

ரிலீஸ் நாள் காலையில் சவுக்குக் கட்டைச் சாரத்தில் பலகைகளைப் பொருத்தி முடித்தோம். நிமிர்ந்து நின்ற முழு முகத்தை எங்களோடு சேர்ந்து அவனும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான். தெருவில் போனவர்கள் நின்றார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, நாடியிலிருந்து நெற்றிவரை மெதுவாகப் படம் பிடித்தார். சேலத்து மாஸ்டர் சொன்னபடி வந்தார். எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"மூக்கோரத்து நெழலு யாரு போட்டது?"

"நாந்தாங்க."

"ம்."

அந்த ஒரு 'ம்' போதுமானதாக இருந்தது. அவன் என் கையைப் பிடித்தான்.

எங்கள் மன்றத்தினர் ஒருவரும் பால் கொண்டுவரவில்லை. ஆனால் மொரப்பூரில் ரயில் இறங்கியும் மலை பஸ்களிலும் வந்தவர்களுக்கு எங்கள் தீர்மான நோட்டு தெரியாது. சித்தேரி மலையிலிருந்து வந்த ஒருவர், துணியால் வாய் கட்டிய பித்தளைச் சொம்போடு என்னிடம் வந்தார். என் சட்டையில் மன்றத்துப் பேட்ஜ் இருந்தது.

"மாடு நல்லபடியா கன்னு போட்டா மொதக் கறவ தலைவருக்குன்னு வேண்டிக்கிட்டனுங்க. ஏணில ஏறிக்கட்டுங்களா?"

மருத்துவமனையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது உங்க பாலுங்க. இது என் வேண்டுதலுங்க."

சொல்லிவிட்டு, சாரத்தில் சாய்த்து வைத்திருந்த ஏணியில் கால் வைத்தார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: அது பசை வண்ணம், கரைந்துவிடும். ஆனால் மாஸ்டர் கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தார். உரக்கச் சொன்னால் அவர் காதில் விழும். தோழனின் வேலை அந்தக் கணமே போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு சொம்புப் பால், நெற்றியில் ஒரு கோடு, அதோடு முடியலாம். ஏணியைப் பிடித்து இழுத்தால் அவர் விழுந்துவிடுவார். எந்தச் செயலுக்கும் விளைவை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அதையே அப்போதும் செய்துகொண்டிருந்தேன். நான் எண்ணி முடிப்பதற்குள் அவர் உச்சிக்குப் போய்விட்டார்.

பால் நெற்றியில் இறங்கியதும் கூட்டம் விசிலடித்தது. பிறகு புருவத்தின் கறுப்பு கண்ணுக்குள் இறங்கியது. கண்ணின் கறுப்பு கன்னத்தில் வழிந்தது. மூக்கோரத்து நிழல் உதட்டின் மேல் சரிந்தது. விசில் நின்றது. யாரோ ஒருவர் சிரித்தார்.

"எவன்டா போட்டது?"

"தகரப்பொட்டி பாய் மவன்."

"அதான பார்த்தேன். வேணும்னே பண்ணியிருக்கான்."

ஒரு செருப்பு பறந்து வந்து பலகையில் பட்டு விழுந்தது. மேலே நின்றவர் காலிச் சொம்போடு, "நான் ஒண்ணும் பண்ணலீங்க, நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்று அழுதுகொண்டிருந்தார்.

என் தோழன் யாரையும் பார்க்காமல் தெருவைக் கடந்து மாஸ்டரிடம் போனான். நானும் பின்னால் போனேன். "கலர்ல தப்புப் பண்ணிட்டனுங்க" என்றான். பண்ணிட்டோம் என்றுகூடச் சொல்லவில்லை. நான் அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

"கை நல்ல கைதாம்ப்பா" என்றார் மாஸ்டர். "ஆனா எங்க பேனரு மழையிலயும் நிக்கணும், வெயில்லயும் நிக்கணும். சரக்குத் தெரியாதவன நான் எப்படிச் சாரத்துல ஏத்தறது?"

அடுத்த பஸ்ஸில் அவர் போய்விட்டார். தவறு என்னுடையது என்று பிறகு அவருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை. மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். "நல்லதுக்குத்தானுங்க செஞ்சீங்க" என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அவனுக்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் கடைக்குப் போகவில்லை.

கொண்டாட்டத்தை ஒரு கேசட்டாக்கித் தலைவருக்கு அனுப்ப வேண்டும் என்று மன்றம் விரும்பியது. ஸ்டூடியோவில் இரண்டு வீடியோ டெக்குகளை வயரால் இணைத்திருந்தார்கள். ஒன்றில் ஓடுவதை மற்றொன்றில் பதிய வேண்டும். வேண்டாத இடம் வரும்போது பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வது செயலாளரான என் பொறுப்பு. நாடியிலிருந்து நெற்றிவரை முகம் ஏறும் காட்சியை முழுவதுமாக வைத்தோம். சித்தேரிக்காரர் ஏணியில் கால் வைக்கும் முன் நிறுத்தச் சொன்னேன். அடுத்ததாக, அதற்குச் சற்று முன் எடுத்த மேளமும் ஆட்டமும். அடியில் ஒரு பாட்டு. ஒட்டு தெரியவே இல்லை.

அவனை மூன்று முறை கூப்பிட்டனுப்பினேன். வந்தான். விரல்களில் தகரம் கிழித்த கோடுகள் இருந்தன. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பார்த்தான். பிரதி எடுத்ததில் சிவப்பு சற்றுக் கலங்கியிருந்தது. மற்றபடி முகம் முழுமையாக நின்றது; அதன் முன் ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்தது.

"ஊத்தவே இல்ல பாருடா" என்றான். "நீ சொன்ன மாதிரியேதான் நடந்திருக்குது."

குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மூக்கு வரும் இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னான். ஸ்டூடியோக்காரர் நாடாவைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். நின்ற படம் நடுங்கியது. அவன் திரைக்கு அருகே குனிந்து, அந்த நிழலை மட்டும் சிறிது நேரம் பார்த்தான்.

"அத்தா தேடுவாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

அதற்குப் பிறகு அவர்கள் கடைக்கு முன்னால் போகும்போதெல்லாம் வாசலில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்ப்பேன். மூடிகளில் ரோஜா இல்லை. பச்சை வண்ணம் மட்டும் அடித்து, வெயிலில் காயவைத்திருப்பார்கள்.