உப்புத் தண்ணீர்தானே என்று நான் சொன்னது

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இலங்கையில் ஆனையிறவுப் பக்கத்து உப்பளத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். அகதியாகக் கனடாவில் மொன்றியலுக்கு வந்த பிறகும் நான் கும்பிடுகிற முருகன் என்னை உப்பிலேயே விட்டான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு. பனிக்காலத்தில் தெருவுக்குப் போடுகிற உப்பை அங்கே பைகளில் நிரப்ப வேண்டும். கையுறைக்குள்ளும் உப்புப் போகும். வெடித்த விரல்களோடு வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்கு விளக்கேற்றும்போது தீக்குச்சியைப் பிடிக்கவே கை எரியும்.

எனக்குச் சோடியாக நின்றவர் சிலி நாட்டுக்காரர். அங்கே இராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்தவர். ஒருவர் பையை விரித்துப் பிடிக்க மற்றவர் அள்ளிப் போடுவோம். வயதில் மூத்தவர் என்று நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் என்னையும் அண்ணை என்றே கூப்பிடத் தொடங்கினார். விளக்கிச் சொல்லியும் கேட்கவில்லை. "நீர் மட்டும் என்னைக் கிழவனாக்கலாமோ?" என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது மாலை வகுப்பில் படித்த அரைகுறைப் பிரெஞ்சுதான். அதை இங்கே எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கடிதத்தை எடுத்தார். அவருடைய தாயும் தம்பியும் பாலைவனத்தில் ஒரு பெரிய உப்புவெளியின் ஓரத்தில் இருந்தார்கள். அந்த ஓரத்தில் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. அதைச் சுற்றிக் கொஞ்சம் புல். அந்தப் புல்லில்தான் அவர்களுடைய ஆடுகள் வாழ்ந்தன, ஆடுகளால் அவர்கள். இப்போது ஒரு கம்பனி வந்திருக்கிறது. உப்புத் தரைக்குக் கீழே தேங்கியிருக்கும் உப்புத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்து, பெரிய குளங்களில் விட்டு வெயிலில் காயவைத்து, லித்தியம் என்று ஒன்றை எடுக்கப் போகிறார்களாம். கண்ணாடிக்கும் மெசினுக்குப் பூசுகிற கிரீசுக்கும் மனநோய் மருந்துக்கும் அது வேண்டுமாம். ஊரில் உள்ளவர்கள் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும். மூத்த மகன் சொல்லாமல் வைக்கமாட்டேன் என்று தாய் பிடிவாதமாக நின்றா.

"அண்ணை, உமக்கு உப்புத் தெரியும். அந்தத் தண்ணியை எடுத்தால் ஊத்துக்கு ஏதும் வருமோ?"

தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வெறும் பை ஒன்றின்மேல் பாத்தி, வாய்க்கால், வெயில் எல்லாம் கீறிக் காட்டினேன். நாங்கள் எடுக்க எடுக்கக் கடல் கொண்டுவந்து தந்துகொண்டே இருக்கும் என்றேன்.

"உப்புத் தண்ணிதானே அண்ணை. குடிக்கவும் ஏலாது, பயிருக்கும் ஏலாது. எடுத்தால் ஆருக்கு நட்டம்? வைக்கச் சொல்லும்."

அங்கே கடல் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை.

அவர் எழுதினார். தாய் கையெழுத்து வைத்தா. தம்பிக்குப் பம்ப் பார்க்கிற வேலை கிடைத்தது. சிலி அண்ணை சந்தோஷத்தில் எனக்கு ஒரு பை ஆரஞ்சுத் தோடம்பழம் கொண்டுவந்தார். இரண்டை முருகனுக்கு வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

மூன்று பனிக்காலம் போனது. முதலில், ஊற்றில் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று கடிதம் வந்தது. அடுத்ததில், புல்லின் கரை வெள்ளையாகிவிட்டது. மழை குறைவு, அதுதான் காரணம் என்று கம்பனி ஆட்கள் சொன்னார்களாம். அப்படியும் இருக்கலாம், நான் படித்தவன் இல்லை. ஆனால் பம்ப் கூடக் கூடத் தண்ணீர் இறங்கியதைத் தன் கண்ணால் கண்டதாகத் தம்பியே எழுதியிருந்தான். ஆடுகளில் பாதி செத்துப்போனது. மீதியை விற்றார்கள். அந்தக் கடிதத்தை அவர் வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

"எங்கட பக்கம் கடல் இல்லை அண்ணை. அது மலைக்கு அங்கால. மலையில இருந்து வாற நல்ல தண்ணி இந்த உப்புத் தண்ணிக்கு மேல சாய்ஞ்சு நிண்டதாம். கீழ இருந்தது இறங்க, அதுவும் சேர்ந்து இறங்கிப் போச்சு."

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது. மெசின் வைத்து விடாமல் இறைத்தால் கிணறு உவராகும். பக்கத்துத் தோட்டக்காரருக்கு நானே வேலியில் நின்று சொல்லியிருக்கிறேன். சிலி அண்ணை கேட்ட அன்று அந்தக் கிணறு என் நினைவுக்கு வரவில்லை. உப்பளம்தான் வந்தது. என் பெருமை அங்கேதான் இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். "தெரியாட்டித் தெரியாது எண்டு சொன்னால் வாய் நோகுமோ?" என்றா. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மனிசி இப்ப எங்க தண்ணி அள்ளுறா?" என்று கேட்டா.

உப்புவெளியின் மற்றக் கரையில் இருந்த ஊர்களிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தபோது நான் சிலி அண்ணையை விடவில்லை. முன்பு சொன்னவன் பிழையாகச் சொல்லிவிட்டான், வைக்க வேண்டாம் என்று எழுத வைத்தேன். அடியில் நானும் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது. அவர்கள் எல்லோரும் முன்பே வைத்துவிட்டார்களாம். அவ்வளவு பிடிவாதமான கிழவியே வைத்துவிட்டா, பிறகென்ன என்றுதான் வைத்தார்களாம்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். இன்றைக்கும் அப்படித்தான். அது எதற்கும் ஈடில்லை. ஈடு என்று கடவுளிடமும் சொன்னதில்லை.

பிறகு சிலி அண்ணையின் தாய், நகரத்தில் ஒரு அறைக்குப் போய்விட்டா. காலையில் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வருமாம். அதை எழுதிய கடிதத்தின் கடைசியில், கனடாவில் இருக்கும் அந்த உப்புக்காரர் சுகமாக இருக்கிறாரா, அவருடைய பிள்ளைகள் சுகமா என்று கேட்டிருந்தா.

"என்ன எழுத அண்ணை?" என்றார் அவர்.

நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து அள்ளிப் போடத் தொடங்கினார்.