பெயரை மட்டும் விட்டேன்

நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில், சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனின் கடைசி இரண்டு பெஞ்சுகள் எனக்கு. தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களோடு அங்கே உட்கார்ந்து பேசுவேன். தொழிலாளர் நலம் பார்ப்பது என் வேலை. இந்தப் பேச்சு நானாகச் சேர்த்துக்கொண்டது. வலி எப்படித் தொடங்கும், எப்போது கிளம்ப வேண்டும், மூச்சை எப்படி விட வேண்டும் என்று வரிசையாகச் சொல்வேன். பிள்ளை பெற்றவர்களும் சிலர் டீ கிளாஸோடு வந்து உட்காருவார்கள்.

இந்த வருடம் ஆனி மாதம் செக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். சிவகங்கைப் பக்கம் ஊர். வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டு வீட்டிலும் பேச்சு இல்லை. வளைகாப்புப் போட்டு அழைத்துப்போக ஆளில்லாமல், நல்லூரில் ஒரு லைன் வீட்டில் எட்டாம் மாதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். ஒரு நாள் எல்லாரும் போன பிறகு, பெஞ்சை நகர்த்தி வைக்கிற சாக்கில் நின்று கேட்டாள். முக்கும்போது மலம் வந்துவிடுமாமே, வந்தால் நர்ஸ் எல்லார் முன்னாலும் திட்டுவார்களாமே. வலிகூடப் பரவாயில்லை, இதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்றாள். ஆபரேஷன் செய்துவிடச் சொல்லி நாமே கேட்கலாமா என்றும் கேட்டாள்.

பலருக்கும் நடப்பதுதான், எனக்கும் நடந்தது, துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள் என்றேன். அரசு ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி பிரசவ அறைக்குள் துணைக்கு இருக்கலாம் என்று சொன்னதும், "நீங்க வருவீங்களாக்கா?" என்றாள். வருவதாகச் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் அடுத்த சனிக்கிழமை என்னைப் பேச வைத்தது. அன்று அவள் பரிசோதனைக்குப் போயிருந்தாள். இந்தப் பயம் மற்றவர்களுக்கும் இருக்கும், அவர்களுக்கும் பதில் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பல வருடமாக டைரி எழுதுகிறவள் நான். இடமும் ஆளும் விவரமும் இல்லாமல் எதையும் சொல்ல எனக்கு வராது. செக்கிங்கில் ஒரு பெண், தெற்குப் பக்கத்தவள், எட்டு மாதம், தாய்வீட்டுத் துணை இல்லாதவள் என்று தொடங்கித்தான் அவள் கேள்வியைச் சொன்னேன். அந்த விவரங்களுக்கு எங்கள் கம்பெனியில் ஒருத்திதான் உண்டு. சொல்லும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. பெண்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

திங்கட்கிழமை கேன்டீன் வரிசையில் அவள் எனக்கு முன்னால் தட்டோடு நின்றாள். ஓவர்லாக் மிஷினில் தைக்கும் பெண் ஒருவர், மூன்று பெற்றவர், கெட்ட எண்ணம் இல்லாதவர், பரிமாறுகிறவரிடம் சொன்னார்: "ஏனுங்க, இந்தக் கண்ணுக்கு மட்டும் சோத்தைக் கம்மியா வைங்க. ஆஸ்பத்திரில மானம் போயிருமாமா."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். நான் பின்னால் போகவில்லை. என் தட்டில் சோறு வாங்கி, உட்கார்ந்து சாப்பிடவும் செய்தேன்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. நல்லூருக்குப் போனேன். துணி அலசிக்கொண்டிருந்தவள் எழுந்து கையைத் துடைத்து, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் பெயரை நான் சொல்லவில்லையே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"பேரை மட்டுந்தானக்கா விட்டீங்க," என்றாள்.

ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். போவதாகச் சொன்னாள். துணைக்குப் பக்கத்து வீட்டு பீகார்ப் பெண்ணைக் கேட்டிருக்கிறாளாம். இரண்டு பிள்ளை பெற்றவள்தான். ஆனால் தமிழே தெரியாதே, நர்ஸ் சொல்வது அவளுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்க்கா அவங்களைக் கேட்டேன். உள்ள பாக்குறதை இங்க யார்ட்டயும் சொல்ல மாட்டாங்கல்ல."

எனக்குச் செய்ய ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பீகார்ப் பெண்ணைக் கூப்பிட்டு, வலி வரும்போது இடுப்பில் எங்கே அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று சைகையில் சொல்லிக் கொடுத்தேன். என் இடுப்பிலேயே காட்டினேன். இவளைத் தொட்டுக் காட்டட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

ஆடியில் ஒரு காலை, வலி கண்டுவிட்டது என்று அவள் கணவன் போன் செய்தான். போய்ப் பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே அவள் கத்துவதும், யாரோ அதட்டுவதும், அதற்கு மேலே ஒரு குரல் விடாமல் இந்தியில் என்னவோ சொல்லிக்கொண்டே இருப்பதும் கேட்டது. சுகப்பிரசவம், பெண் குழந்தை.

பீகார்ப் பெண் வியர்வையோடு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மடமடவென்று சொல்லத் தொடங்கினாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சொன்னாள். உள்ளே நடந்தது அத்தனையும் அதில் இருந்திருக்கும். எதிர் பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணிக்கு இந்தி தெரியும் போல.

"என்ன சொல்றாங்கன்னு சொல்லட்டுங்களா?" என்றார்.

தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையே வெட்கமாக இருந்தது.

வேண்டாமுங்க என்றேன்.