பூட்டுக்குள் ஒரு பட்டன் ரோஜா

ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் ஸ்டோரில் பக்தவத்சலம் உட்கார்ந்திருந்த காலம்வரை, சீட்டு இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போனதில்லை. ஃபோர்மேனே வந்து பல்லை இளித்தாலும் "சீட்டு எங்க சார்?" என்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கைக்கு வந்ததை விடத் தெரியாதவர், அவ்வளவுதான்.

குடியாத்தத்திலிருந்து வந்து சேர்ந்தவருக்கு அறுபத்தேழில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வாசலில் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண். அக்கம்பக்கத்தார் அங்கே முருங்கையும் அவரைக்கொடியும் போட்டார்கள். இவர் ரோஜா வைத்தார். வைத்ததோடு விட்டாரா என்றால் இல்லை. பட்டன் ரோஜா பார்க்க லட்சணமாக இருக்கும், மோந்தால் ஒன்றும் இருக்காது. பன்னீர் ரோஜாவோ வாசத்தில் தெருவையே தூக்கும், ஆனால் காலையில் தலையில் வைத்தால் மத்தியானத்துக்குள் இதழ் இதழாகத் தோளில் கொட்டிவிடும். இரண்டையும் கலந்து ஒரே பூவாக்கிவிட வேண்டும் என்று மனிதருக்குப் பிடித்துக்கொண்டது.

விடிவதற்குள் எழுந்து, விரியாத பட்டன் மொட்டைப் பிரித்து, அதன் மகரந்தத் தாளையெல்லாம் மனைவி வனஜா முள் எடுக்கிற இடுக்கியால் கிள்ளிப் போடுவார். பிறகு பன்னீர் ரோஜாவின் மகரந்தத்தைப் பஞ்சால் தொட்டுத் தடவி, காகிதப் பையைக் கட்டி மூடுவார். காய் பிடித்துப் பழுக்க மாதக்கணக்கில் ஆகும். அதோடும் முடியாது. ரோஜா விதை முளைக்கக் குளிர் வேண்டும். ஆவடியில் குளிருக்கு எங்கே போவது? மார்க்கெட்டில் ஊசி மருந்து வைக்க ஃபிரிட்ஜ் வாங்கியிருந்த மருந்துக் கடைக்காரரைக் கெஞ்சி, ஈரமணலில் விதையைப் போட்ட டப்பாவை மருந்துகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். முளைத்ததில் பாதி சாம்பல் நோயில் போயிற்று. பிழைத்ததில் பூத்ததெல்லாம் ஒற்றை அடுக்கு வெறும் பூ. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வருஷங்கள் ஓடின.

எழுபத்துமூன்று சித்திரையில், ஊரே வெந்துகொண்டிருந்தபோது, தொட்டியில் ஒரு சாண் உயரத்தில் நின்ற செடி ஒன்று பூத்தது. நாலணா அளவுதான் பூ. நடுவே பால் வெள்ளை, இதழ் ஓரத்தில் மட்டும் ரோஸ் நிறம், வெயில் ஏற ஏற அந்த ஓரம் சிவந்தது. தண்டில் முள்ளே இல்லை என்று சொல்லலாம். மோந்தால் அசல் பன்னீர். ஒரு பூவைப் பறித்து வெயிலில் வைத்துப் பார்த்தார், மறுநாளும் ஓர் இதழ் உதிரவில்லை. பக்தவத்சலம் செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அழுதார்.

உலகத்திலேயே அது ஒரே ஒரு செடி. அடுத்த வருஷ மலர்க் கண்காட்சியில் தன் பெயரோடு வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதுவரை யாருக்கும் ஒரு குச்சி கிடையாது. கண் ஒட்டுப் போட்டு இன்னொன்று உண்டாக்கி வைத்திருக்கலாம். ஒன்று இரண்டானால் யார் காவல் காப்பது என்று அதையும் செய்யவில்லை. காபிப்பொடியும் உறைமோரும் கேட்ட மாத்திரத்தில் கைமாறும் குவார்ட்டர்ஸ் அது. வனஜாவுக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு பூ வச்சுக்கட்டுமா?" என்று அவளே கேட்டபோதுகூட, "கண்காட்சி முடியட்டும்" என்றார்.

எந்தச் செடியாக இருந்தாலும் கேட்டு வாங்கி வைத்தால் வராது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. இதில் பாவம் புண்ணியம் என்றெல்லாம் கிடையாது. கொடுக்க மனசிருப்பவர்கள் அந்த நேரம் பார்த்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஆடி மாதம் நல்ல மழை பெய்த மறுநாள், பக்தவத்சலத்தின் செடியில் ஒரு கிளையைக் காணோம்.

மனிதர் தெருவில் இறங்கிவிட்டார். "எவன்டா ஒடிச்சவன்? அந்தக் கை வெளங்காமப் போகும்! குடும்பம் வெளங்காது!" என்று வாய்க்கு வந்தபடி கத்தினார். சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து எருமைப்பால் கொண்டுவரும் வேம்புலியம்மாள் மட்டும் பாலை அளந்து ஊற்றிவிட்டு, சொம்பைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரமே கம்பி வலையில் ஒரு கூண்டு செய்து, செடியைத் தொட்டியோடு உள்ளே வைத்து, திண்டுக்கல் பூட்டைப் போட்டார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் ஏறியது.

மறு வருஷம் சித்திரைக் கடைசியில், கண்காட்சி வருவதற்கு முன்பே, தொழிற்சாலை வேலையாக அவரை ஜபல்பூருக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் திரும்புகிற ஏற்பாடுதான். அதற்குள் ரயில்வே வேலைநிறுத்தம் வந்து, வண்டிகள் அங்கங்கே நின்றுபோயின. மனிதர் அங்கே மாட்டிக்கொண்டார், சாவியும்தான்.

வீடு வந்து சேர்ந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்கு ஓடினார். உள்ளே கறுத்த குச்சிகள் நின்றன. கம்பி உரசிப் புண்ணான ஒரு கிளையில் நுனிக்கருகல் பிடித்து, நாளுக்கு நாள் கீழே இறங்கி, அடித்தண்டு வரைக்கும் தின்றிருந்தது. முதல் நாளே அந்த நுனியைக் கத்தரித்திருந்தால் போதும்.

"கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு தினம் நின்னேன்" என்றாள் வனஜா. "கை நுழையல. பூட்டை உடைச்சுத் தாங்கன்னு பக்கத்து வீட்டு ஆனந்தன்கிட்டயும் கேட்டேன், எதிர் வீட்டுலயும் கேட்டேன். உங்க வீட்டுக்காரர் பூட்டைத் தொட்டுட்டு நாங்க சாபம் வாங்கணுமான்னாங்க. கண்ணு முன்னாடி செத்துப் போச்சுங்க."

அவர் பூட்டைத் திறந்தார். திறந்து என்ன செய்ய? அன்று அவர் சாப்பிடவில்லை. பொழுது சாயும்போது வனஜா மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போன ஆடியில ஒடிச்சது வேம்புலி. நான் பார்த்தேன். பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டேன்" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "வச்சாளா? வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது. அன்னைக்கு நீங்க பேசின பேச்சுக்கப்புறம் அவ அதைப் பத்தி வாயே தொறக்கல."

விடிந்ததும் முத்தாபுதுப்பேட்டைக்கு நடந்தார். வேம்புலியம்மாளின் வீட்டுப் பக்கவாட்டில், எருக்குழி ஓரமாக, அந்தச் செடி நின்றது. சாண் உயரம்தான். ஆனால் முறம் அகலத்துக்குப் புதராகி, உடம்பெல்லாம் பூவாக இருந்தது. தன் தொட்டியில் அது ஒருநாளும் இப்படிப் பூத்ததில்லை என்பது பக்தவத்சலத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

வெளியே வந்த வேம்புலியம்மாள் அவரைப் பார்த்ததும் செடியை மறைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா சாரே, போலீசு இட்டாந்துகிறியா?"

"இல்ல வேம்புலிம்மா" என்றார். அவர் வாயில் அந்த 'அம்மா' வந்தது அதுதான் முதல் தடவை. "என்னுது செத்துப்போச்சு."

அவள் செடியை விட்டு விலகி நின்றாள். "அல்லாத்தியும் பூட்டி வெச்சா அது எப்டி நைனா உசுரோட இருக்கும்? நீ வுட்ட சாபத்துல எனக்குக் கையில சிலந்திக் கட்டி வந்து வீங்கி ஒரு மாசம் பால் கறக்க முடியாம கஸ்டப்பட்டேன், தெரியுமா?"

"நான் பேசினது தப்பும்மா. மன்னிச்சுக்க. ஒரே ஒரு குச்சி குடு."

"குடுக்க மாட்டேன்."

ஸ்டோர் சன்னலுக்கு வெளியே இத்தனை வருஷம் கையேந்தி நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரிந்தது.

"கேட்டுக் குடுத்தா அது வராது நைனா" என்றாள் வேம்புலியம்மாள், சிறு பிள்ளைக்குச் சொல்கிற குரலில். "உனுக்கு இதுகூடத் தெரில. நான் எருமைக்குத் தண்ணி காட்டப் போறேன். திரும்பிப் பாக்க மாட்டேன்."

வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். அடுத்தவர் பொருளில் ஒரு குண்டூசி எடுத்தறியாத மனிதர், செடி முன்னால் குனிந்தார். பூத்து முடிந்த, முற்றிய கிளையாகப் பார்த்து ஒடித்தார். சட்டைக்குள் செருகிக்கொண்டார். படலைத் தாண்டித் தெருவுக்கு வந்து நாலு எட்டு வைத்திருப்பார், பின்னால் வேம்புலியம்மாளின் குரல் ஊரே கேட்கிற மாதிரி எழுந்தது.

"அடியே கன்னியம்மா! எந்தப் பேமானியோ என் ரோசாவ ஒட்ச்சிகினு பூட்டான்டி! கட்டேல போறவன், கயிசாலி, அவன் ஊட்ல இடி வுழ!"

பக்தவத்சலத்துக்கு முகமெல்லாம் சிரிப்பாகிக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஓடத் தோன்றவில்லை. குச்சியின் ஒடித்த முனை நெஞ்சில் குத்திக்கொண்டிருக்க, நடுத்தெருவில் நின்று அவள் திட்டி ஓயும்வரை கேட்டுவிட்டுத்தான் நடந்தார்.