பீவர் வீட்டு வாசலில்

அண்ணி இறந்தபின் ஒரு பனிக்காலத்தை அண்ணையால் மொன்றியலில் தனியாகத் தாண்ட முடியாது என்றே ரொறன்ரோவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவரைக் கையோடு அழைத்துப் போகத்தான் நான் வந்திருக்கிறேன். அவரோ மொன்றியலை அடுத்த லவால் பக்கத்து ஆற்றோரச் சரணாலயத்துக்கு என்னை நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்.

உறைந்த ஆற்றின் கரையில், தடிகளும் சேறும் குவிந்த ஒரு மேடு பனி மூடிக் கிடக்கிறது. அது மரம் கடித்து ஆற்றில் அணை கட்டும் பீவர்களின் வீடு. இலையுதிர்கால வெள்ளம் அதைப் பாதி குலைத்துவிட்டது என்கிறார். அதன்பின் அவற்றை அவர் காணவில்லை.

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையெண்டா, நானும் உன்னோட வாறன்."

சொல்லிவிட்டு, ஊரில் வேலிப் படலையடியில் நின்று அழைப்பதைப் போலக் குரல் கொடுக்கிறார்: "வீட்டுக்காரர், இருக்கிறியளோ?"

"எழும்பி வந்து தேத்தண்ணி தருவினமாக்கும்," என்கிறேன்.

"பகிடியை விட்டிட்டு உச்சியைப் பார், பிள்ளை."

பார்க்கிறேன். உச்சியில் ஒரு சிறு துளை. அதைச் சுற்றியுள்ள தடிகளில் மட்டும் உறைபனி பூப்போலப் படிந்திருக்கிறது. சற்று நேரத்தில், துளையிலிருந்து மெல்லிய வெண்ணிற ஆவி எழுந்து கலைகிறது, மீண்டும் எழுகிறது.

"மூச்சு. ஓம், ஆக்கள் இருக்கினம்." அண்ணை சிரிக்கிறார். அவருடைய மூச்சும் வெண்மையாக எழுகிறது. "நீ ரொறன்ரோவுக்குப் போட்டு வா."

கொண்டுவந்த தேநீரை இருவரும் நின்றபடியே குடிக்கிறோம். நாளை ரொறன்ரோ பேருந்தில் நான் மட்டும் ஏறுவேன். ஆற்றோரத்தில் பீவர்கள் இருக்கின்றன. மொன்றியலில் அண்ணை இருக்கிறார்.